மோட்டார் பெரிதாகும்போது கரை தூரமாகிறது

டெக்சாஸ், ஃபுளோரிடா கரைகளில் ஆழ்கடல் தூண்டிலுக்குப் படகு வாங்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்



படகு வாங்கலாம் என்று மனதில் பட்டதும் நீங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை குதிரைத்திறன் போடலாம்?" டாம்பாவிலும் ஹூஸ்டனிலும் நம்மவர் கூடும் விருந்துகளில் இப்போது வீட்டுக்கடன் பேச்சுக்கு அடுத்து இந்தப் பேச்சுதான் நடக்கிறது. இரட்டை முந்நூறா, ஒற்றை நானூறா, யமஹாவா, மெர்குரியா, சுசுகியா என்று பேசப் பேச முகங்கள் மலர்கின்றன. அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. விடியற்காலையில் கால்வாயைத் தாண்டி, த்ராட்டிலைத் தள்ளி, படகு தண்ணீரைவிட்டு மேலெழுந்து ஓடத் தொடங்கும் அந்தக் கணத்துக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். அதனால்தான் உரிமையோடு எழுதுகிறேன்.

நம்மவர்களுக்குப் பெரிய மோட்டார் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு மெக்சிகோ வளைகுடாவின் தரையே காரணம். டாம்பாவுக்கு மேற்கே கடல்தரை மிக மெதுவாகச் சரிகிறது. முப்பது மைல் போனாலும் ஆழம் நூறு அடியைச் சுற்றித்தான் இருக்கும். பெரிய களவா வேண்டுமென்றால் அதையும் தாண்டிப் போக வேண்டும். கால்வெஸ்டனிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் இதே கதைதான். ஃபிளவர் கார்டன் பவளத்திட்டுகள் அங்கிருந்து ஏறத்தாழ நூறு மைல். சென்னைச் சந்தையில் சங்கரா வாங்கித் தின்று வளர்ந்த நாக்கு இங்கே ஸ்னாப்பரைத் தேடுகிறது. ஸ்னாப்பர் தூரத்தில் இருக்கிறது. தூரத்துக்கு வேகம் வேண்டியிருக்கிறது.

அந்த வேகத்தை இந்த மோட்டார்கள் அள்ளித் தருகின்றன. 1909-ல் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய அவுட்போர்டின் திறன் ஒன்றரைக் குதிரை. 2007-ல் யமஹா எட்டு சிலிண்டரில் 350 குதிரைத்திறன் மோட்டாரைக் கொண்டுவந்தது. 2017-ல் சுசுகி தன் 350-ல், ஒன்றன்பின் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்களைப் பொருத்தியது. 2018-ல் யமஹாவின் 425 வந்தது. 2021-ல் மெர்குரி பன்னிரண்டு சிலிண்டர், 7.6 லிட்டர், 600 குதிரைத்திறன் என்று ஓர் அரக்கனை இறக்கியது. அதில் இரண்டு வேகக் கியர் இருக்கிறது. திருப்பும்போது மேலே இருக்கும் என்ஜின் அசையாமல் நிற்க, நீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் திரும்புகிறது. பொறியியல் படித்த எவருக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் வேலை அது.

ஆனால் இந்த மோட்டார்கள் உங்களுக்கு உண்மையில் என்ன செய்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் உங்களை உதவி எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய் விடுகின்றன. சின்ன மோட்டார் வைத்திருப்பவன் கரை தெரியும் தூரத்திலேயே தூண்டில் போடுவான். அவனுக்கு வரும் கோளாறு அரை நாள் தொல்லையோடு முடியும். அறுபது மைலில் வரும் அதே கோளாறு வேறு கணக்கு. படகுக்கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவர் சொல்வது, போகும் வழிக்கான குதிரைத்திறன். நீங்கள் வாங்க வேண்டியது, திரும்பும் வழிக்கான படகு.

2009 பிப்ரவரி 28 அன்று நடந்ததைக் கேட்டிருப்பீர்கள். கிளியர்வாட்டரிலிருந்து நான்கு இளைஞர்கள் 21 அடி படகில் கிளம்பினார்கள். மார்க்விஸ் கூப்பரும் கோரி ஸ்மித்தும் என்.எஃப்.எல். கால்பந்து வீரர்கள்; வில்லியம் பிளீக்லியும் நிக் ஷுய்லரும் கல்லூரி அணியில் ஆடியவர்கள். நால்வருமே திடகாத்திரமான உடல்வாகு கொண்டவர்கள். கரையிலிருந்து ஏறத்தாழ எழுபது மைல் போய் மீன் பிடித்தார்கள். மாலையில் திரும்பும் நேரத்தில் நங்கூரம் தரையில் சிக்கிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. நங்கூரக் கயிற்றைப் படகின் பின்பக்கத்தில் கட்டி, மோட்டாரின் பலத்தால் பிய்த்து எடுக்கப் பார்த்தார்கள். படகு முன்னே பாய, கயிறு இறுக, பின்பக்கம் தாழ்ந்து தண்ணீருக்குள் போனது. படகு கவிழ்ந்தது. குளிர்காற்று இறங்கிய இரவு அது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒவ்வொருவராக மூவர் போனார்கள். திங்கட்கிழமை கடலோரக் காவல்படைக் கப்பல் வந்து சேர்ந்தபோது ஷுய்லர் மட்டும், தலைகீழாகக் கிடந்த படகின்மேல் மோட்டாரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மற்ற மூவரின் உடல்களும் கிடைக்கவே இல்லை.

இதில் மோட்டார் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது சொன்னபடி வேலை செய்தது. நங்கூரம் சிக்கினால் கயிற்றை அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், கட்டித்தான் இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் அறுத்துவிட வேண்டும். இது நம் ஊர்க் கடற்கரையில் சின்னப் பையனுக்கும் தெரிந்த பாடம். ஆனால் கையில் நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் இருக்கும்போது அதைக் கொண்டே எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரு நங்கூரத்தின் விலை இருநூறு டாலர் இருக்குமா? அறுக்க ஒரு நல்ல கத்தியை ஸ்டியரிங் பக்கத்திலேயே வையுங்கள்.

அவுட்போர்டு படகின் பலவீனம் அதன் பின்பக்கம்தான். எடை முழுவதும் அங்கேதான் தொங்குகிறது. மெர்குரியின் அந்த 600 ஒன்றின் எடை 571 கிலோ. நான்கு மாட்டிய படகுகளை மயாமியில் பார்க்கலாம். பின்பலகையில் மட்டும் இரண்டேகால் டன்னுக்கு மேல். அந்தப் படகுகள் அதற்கென்றே கட்டப்பட்டவை. எனக்குக் கவலை, இருபது ஆண்டு பழைய 23 அடி படகைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதிலிருந்த பழைய டூ-ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டுப் புதிய ஃபோர்-ஸ்ட்ரோக்கை மாட்டுகிறவர்களைப் பற்றித்தான். புதியது அமைதியாக ஓடும், எண்ணெய்ப் புகை வராது, எரிபொருளும் குறைவாகக் குடிக்கும், எல்லாம் சரி. ஆனால் எடை கூடுதல். பின்பக்கம் இரண்டு அங்குலம் கூடுதலாகத் தாழ்ந்தால், தளத்து நீர் தானாக வெளியேற வைத்த துளைகள் கடல்மட்டத்துக்கு வந்துவிடும். நீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். அதன்மேல் நான்கு பேர் பின்னால் நின்று மீனை இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது அடிக்குக் குறைந்த படகுகளில் எத்தனை குதிரைத்திறன்வரை போடலாம் என்று தகடு அடித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதைவிடப் பெரிய படகுக்குத் தகடு இல்லாமலும் இருக்கலாம். அப்போது படகு கட்டிய நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். பின்பலகையின் உள்மரம் ஊறிப்போயிருக்கிறதா என்று ஒரு சர்வேயரை வைத்துப் பார்க்காமல் பழைய படகில் பெரிய மோட்டார் ஏற்றவே கூடாது.

இன்னொன்று. வேகமாக வந்துகொண்டிருக்கும்போது த்ராட்டிலை ஒரேயடியாக இழுத்துவிடாதீர்கள். படகு சட்டென்று அமரும். அதன் பின்னாலேயே துரத்தி வந்த அதன் சொந்த அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே ஏறும்.

"எங்களிடம் இரண்டு மோட்டார் இருக்கிறது, ஒன்று நின்றால் இன்னொன்று" என்று தைரியமாகச் சொல்கிறீர்கள். அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இரண்டும் ஒரே டேங்கிலிருந்து குடிக்கின்றனவா? அப்படியானால் டேங்கில் தண்ணீர் கலந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் படகு சும்மா நின்றால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சுகுழாய் இருப்பதும் அந்த அடியில்தான். பத்து மைக்ரான் வடிகட்டியைப் பருவந்தோறும் மாற்றுவதும், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி வடிகட்டி வைப்பதும், கையில் மாற்று வடிகட்டி எடுத்துப்போவதும் நூறு டாலர்கூட ஆகாத செலவு. பதினைந்து சதவீத எத்தனால் பெட்ரோலை அவுட்போர்டில் ஊற்றவே கூடாது. சாலையோர பம்பில் நிரப்புகிறவர்கள் குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு ஊற்றுங்கள்.

சரி, டேங்க் வேறு வேறு, ஒரு மோட்டார் மட்டும் நின்றது என்றே வைப்போம். படகு நீர்மேல் எழும்பி ஓடத் தொடங்க, ஒரு மேட்டை ஏறுவதுபோல நிறையத் திறன் தேவை. பாதித் திறனில், செத்த மோட்டாரின் எடையையும் சுமந்துகொண்டு, பெரும்பாலான படகுகள் அந்த மேட்டை ஏறாது. மீதமுள்ள புரொப்பெல்லரும் இரட்டை மோட்டாருக்கென்று தேர்ந்தெடுத்த இதழ்ச் சாய்வு (பிச்) கொண்டது. முழு த்ராட்டில் கொடுத்தால் மோட்டார் திணறும். ஆகவே மணிக்கு ஏழெட்டு மைலில் ஊர்ந்து வர வேண்டியதுதான். அறுபது மைலுக்கு எட்டு மணி நேரம். மதியம் இரண்டுக்கு நின்ற மோட்டாரோடு இரவு பத்துக்குத்தான் கரை. விளக்கு எரியுமா, குடிநீர் இருக்குமா, குழந்தைக்குப் போர்வை இருக்குமா என்று கிளம்புமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மோட்டார் நல்லதுதான். நானும் அதையே சொல்வேன். அது கரைசேர ஒரு வழி தருகிறது, நேரத்தைத் திருப்பித் தருவதில்லை.

எரிபொருள் கணக்குக்கு வருகிறேன். முழு வேகத்தில் ஒவ்வொரு பத்துக் குதிரைத்திறனுக்கும் மணிக்கு ஒரு கேலன் என்பது இங்குள்ள படகோட்டிகளின் பழைய வாய்க்கணக்கு. இரட்டை முந்நூறு என்றால் மணிக்கு அறுபது கேலன். யாரும் நாள் முழுதும் அப்படி ஓட்டப்போவதில்லை. நிதானமான வேகத்தில் அந்த அளவுப் படகுக்குக் கேலனுக்கு ஒன்றரை மைல் கிடைத்தால் நல்ல கணக்கு. அறுபது மைல் போய் வர எண்பது கேலன். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று வைத்தால் நூற்றிருபது கேலன். அதன் எடை மட்டும் 330 கிலோ.

கடல் அமைதியாக இருக்கும்வரை இந்தக் கணக்கு நிற்கும். வளைகுடாவின் அலை குட்டையானது, நெருக்கமானது. காற்று ஏறினால் படகு முப்பது மைல் வேகத்தில் ஓட முடியாது. அலை உங்களைப் பன்னிரண்டு மைலுக்கு இறக்கிவிடும். அந்த வேகத்தில் படகு மேலெழும்பவும் இல்லை, அமைதியாக மிதக்கவும் இல்லை. அணியத்தைத் தூக்கிக்கொண்டு நீரை உழுகிறது. ஒரு மைலுக்கு மிக அதிகமாக எரிபொருள் தின்னும் வேகம் அதுதான். மெதுவாகப் போனால் மிச்சமாகும் என்று நினைத்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மோசமான வானிலையில் உங்கள் படகு கேலனுக்கு என்ன தருகிறது என்பதை ஒரு காற்றடிக்கும் நாளில், கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

சிவப்புச் சுருள் கயிறு ஒன்று ஒவ்வொரு படகிலும் தொங்கும். மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு. ஓட்டுகிறவர் தெறித்து விழுந்தால் அது பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மீதே திரும்பி வரும். 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது அமெரிக்கச் சட்டம். முதல் தடவை மீறினால் நூறு டாலர் அபராதம். "எங்களுடையது முப்பது அடி, எங்களுக்குச் சட்டம் பொருந்தாது" என்று ஒரு நண்பர் சொன்னார். சட்டம் பொருந்தாது, புரொப்பெல்லர் பொருந்தும். கயிறு தொந்தரவு என்றால் கம்பியில்லாமல் இயங்கும் கருவிகள் இருக்கின்றன, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை. கடலோரக் காவல்படையின் கணக்கில் 2023-ல் அமெரிக்காவில் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்த சாவுகளில் நான்கில் மூன்று பங்கு நீரில் மூழ்கியவை. மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் அங்கி அணியவில்லை. நம்மவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் நாம் வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரவு வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 செப்டம்பர் 25 விடிவதற்கு முன், பேஸ்பால் வீரர் ஹோசே ஃபெர்னாண்டஸின் 32 அடி இரட்டை அவுட்போர்டு படகு மயாமி துறைமுக வாயிலில் உள்ள கல்லணையில் மோதியது. அவரும் இரு நண்பர்களும் இறந்தார்கள். வேகம் மணிக்கு 65 மைலுக்கு மேல். ஓட்டியவர் சட்ட வரம்பைத் தாண்டிக் குடித்திருந்தார் என்றது விசாரணை அறிக்கை. கடலில் சாலை விளக்கு கிடையாது. இருட்டில் ஓட்ட வேண்டியிருந்தால் மெதுவாக ஓட்டுங்கள். குடித்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள்.

இப்போது மிக முக்கியமானது. 2009-ல் அந்த நால்வரிடமிருந்து எந்த அபாயச் செய்தியும் வரவில்லை. நேரத்துக்குத் திரும்பவில்லை என்று கரையிலிருந்தவர்கள் சொன்ன பிறகுதான் தேடல் தொடங்கியது. கைபேசி பத்து மைல் தாண்டினால் அநேகமாக ஊமை. கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ சில மைல்களுக்குத்தான் பேசும். படகில் பொருத்திய ரேடியோவும் நல்ல ஆண்டெனாவும் இருந்தால் இருபது மைல் தொலைவுவரை கடலோரக் காவல்படையை எட்டலாம். உங்கள் மோட்டாரோ அந்த இருபது மைலை நாற்பது நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. அதற்கப்பால் உங்கள் குரலாக இருக்கப்போவது இ.பி.ஐ.ஆர்.பி. என்கிற 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவிதான். அது செயற்கைக்கோள் வழியாக நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும்.

தொடர்பு எல்லையைத் தாண்டிப்போனவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை நம் மக்கள் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் பார்த்தார்கள். குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் தங்கல் தொழிலுக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள்; புயல் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பரம்பரையாகக் கடலை அறிந்தவர்கள் அவர்கள். வாரக்கடைசியில் மட்டும் கடலைப் பார்க்கும் நாம் அவர்களைவிட எச்சரிக்கையாக இருப்பதுதான் முறை.

உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ஒன்று. ஃபுளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் படகுப் பாதுகாப்புப் படிப்பை முடித்து அட்டை வைத்திருக்க வேண்டும். டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். அதற்கு முன் பிறந்த எவரும், இதுவரை தோணியில்கூடக் கால் வைக்காதவரும், பணம் கட்டிய மறுநாளே ஆயிரத்து இருநூறு குதிரைத்திறனைக் கையில் பிடித்துக்கொண்டு கடலுக்குள் போகலாம். சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கடலோரக் காவல்படையின் துணைத் தொண்டர் அமைப்பு வகுப்புகள் நடத்துகிறது. உங்கள் படகை இலவசமாகச் சோதித்தும் தருகிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து பதிவு செய்தால் எல்லாரும் ஒன்றாகவே படித்து முடிக்கலாம். உடன் வரும் மனைவியோ கணவனோ பிள்ளையோ அதைப் படிக்கட்டும். ஓட்டுகிறவர் விழுந்துவிட்டால் படகைத் திருப்பப்போவது அவர்கள்தான்.

புதுப் படகுக்கு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள். ஐம்பது குதிரைத்திறன் குறைத்து வாங்கினால் மிஞ்சும் பணத்தில் நான் சொன்ன அத்தனையும் வந்துவிடும்: அபாய அறிவிப்புக் கருவி, பொருத்திய ரேடியோ, ஒவ்வொருவர் உடம்பிலும் நல்ல அங்கி, மாற்று வடிகட்டி, கத்தி, கயிறு. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், அதற்கு எத்தனை மணி நேரம் கழித்து யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்கெனவே இ.பி.ஐ.ஆர்.பி. வைத்திருப்பவர்கள் அதை அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவில் உங்கள் பெயருக்குப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய படகோடு வந்த கருவி பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். பதிவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த முறை கடலுக்குப் போவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு அதே வளைகுடாவில் தூண்டில் போடும் ஒருவன்